பெருந்தொற்றுச் செய்திகளில் 'இணைநோய்' என்ற சொல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் என் மருந்து அலமாரியைத் துடைத்து ஒழுங்குபடுத்தியபோது, அடித்தட்டில் விரித்திருந்த பழைய நாளிதழ்த் தாள் ஒன்று கைக்கு வந்தது. 2020ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வந்த தாள் அது. அன்றைய கொரோனா இறப்புக் கணக்கைச் சொன்ன செய்தியின் கடைசி வரி, உயிரிழந்தவர்களில் பெரும்பாலானோர் இணைநோய், அதாவது ஏற்கெனவே வேறொரு நோய், உள்ளவர்கள் என்பதால் பொதுமக்கள் அச்சப்படத் தேவையில்லை என்ற பொருளில் முடிந்திருந்தது. அது எந்த நாளிதழ் என்பது இங்கே பொருட்டல்ல. அந்நாட்களில் எல்லா நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் அதே வரியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தன. அதை எழுதியவர் யாரையும் புண்படுத்த எண்ணியிருக்க மாட்டார். மக்களின் பீதியைத் தணிக்கவே எழுதியிருப்பார். ஆனால் அச்சப்படத் தேவையில்லாத அந்தப் பொதுமக்களில் நானும் இல்லை, என் மகளும் இல்லை என்பதுதான் அன்று அதைப் படித்ததும் எனக்கு உறைத்தது. எங்களைச் சுட்டிக்காட்டி மற்றவர்களுக்குச் சொல்லப்பட்ட ஆறுதல் அது. இத்தனை ஆண்டுகள் கழித்து அந்த வரியை மறுபடி படித்தபோது, இதைப் பற்றி உங்களுக்கு எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

எனக்கு லூபஸ் என்ற தன்னுடல் தாக்குநோய் இருக்கிறது. அது கண்டறியப்பட்டுப் பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. என் மகளுக்குச் சிறு வயதிலிருந்தே ஆஸ்துமாவும், ஒரு குறிப்பிட்ட உணவுப் பொருள் துளியளவு உள்ளே போனாலும் மூச்சுக்குழல் அடைத்து உயிருக்கு ஆபத்தாகிவிடும் அளவுக்குக் கடும் ஒவ்வாமையும் உண்டு. பையில் அட்ரினலின் ஊசி இருக்கிறதா என்று பார்க்காமல் அவள் வாசற்படி இறங்கியதே இல்லை. எனவே பெருந்தொற்று எங்கள் வீட்டுக்குள் இரண்டு வழிகளில் வந்தது. அவளுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை எனக்குப் பொருந்தவில்லை, எனக்குச் சொல்லப்பட்டது அவளுக்குப் பொருந்தவில்லை. ஆனால் வெளியே எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே பெயர்தான் இருந்தது: 'எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள்.'

இந்தப் பெயர் தவறானது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பிற குழப்பங்கள் எல்லாம் இதிலிருந்துதான் கிளைத்தன. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பை வீட்டின் காவல் நாயாக எண்ணிக்கொள்ளுங்கள். வந்த விருந்தாளியைத் திருடன் என்று நினைத்துப் பாய்ந்து கடிக்கிறது ஒரு நாய், அதுதான் ஒவ்வாமை. பூந்தாதும் தூசியும் உணவும் உடலுக்கு எந்தத் தீங்கும் செய்யாதவை, ஆனாலும் உடல் அவற்றின் மேல் பாய்கிறது. இன்னொரு நாய் வீட்டாரையே கடிக்கிறது. என்னுடைய லூபஸ், முடக்குவாதம், சொரியாசிஸ் போன்ற தன்னுடல் தாக்குநோய்கள் அந்த வகை. மூன்றாவது நாய், சுவரேறித் திருடன் குதித்தாலும் குரைக்காது. கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதமான எதிர்ப்பொருள் பிறவியிலேயே சுரக்காத குழந்தைகள், இரத்தப் புற்றுநோயாளிகள், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் ஆகியோரின் நிலை இது. இதில் மேலும் ஒரு சிக்கல் உண்டு. இரண்டாம் வகை நோயாளிகளுக்குத் தரப்படும் மருந்துகள் எதிர்ப்பு அமைப்பை அடக்கி வைப்பவை என்பதால், அவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக மூன்றாம் வகைக்கும் நகர்ந்துவிடுகிறார்கள். மருந்து எவ்வளவு, எந்த மருந்து என்பதைப் பொறுத்தே ஆபத்தும் மாறும். வெறும் தூசி ஒவ்வாமையால் தும்முகிறவருக்கு கொரோனாவால் கூடுதல் ஆபத்து என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் அவரும், ரிட்டுக்ஸிமாப் ஊசி போட்டுக்கொண்டு எதிர்ப்பொருளை உண்டாக்கும் பி செல்களே இல்லாமல் இருக்கும் நோயாளியும், செய்தியில் ஒரே சொல்லுக்குள் அடைக்கப்பட்டார்கள். முன்னவர் தேவையில்லாமல் நடுங்கினார். பின்னவருக்கோ தன் ஆபத்து எவ்வளவு பெரியது என்பதே தெரியவில்லை.

இந்தக் குழப்பத்தின் மேல்தான் 'எதிர்ப்பு சக்தியைப் பெருக்குங்கள்' என்ற முழக்கம் வந்து அமர்ந்தது. பொடி, சூரணம், சத்து மாத்திரை, பானம் என்று எதை விற்றாலும் அந்தச் சொல்லை ஒட்டித்தான் விற்றார்கள். உறவினர்களும் அண்டை அயலாரும் உண்மையான அக்கறையோடு அவற்றை எனக்கு அனுப்பினார்கள். அவர்களின் அன்பை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டாரைக் கடிக்கும் நாய்க்கு மேலும் வெறியேற்றுவது எப்படிச் சரியாகும் என்று ஒவ்வொருவரிடமும் விளக்க வேண்டியிருந்தது. என் உடலில் எதிர்ப்பு அமைப்பு மிகையாக வேலை செய்வதுதான் நோய். அதை அடக்கத்தான் நாள்தோறும் மருந்து எடுக்கிறேன். எங்கள் நோயாளிகள் தொலைபேசிக் குழுவில் ஒரு பெண், வீட்டாரின் வற்புறுத்தலால் மருத்துவர் தந்த மாத்திரைகளை நிறுத்திவிட்டு இத்தகைய கலவை ஒன்றைக் குடிக்கத் தொடங்கினார். நீண்டகாலம் எடுத்துவந்த ஸ்டீராய்டை அப்படித் திடீரென நிறுத்தக் கூடாது. வெளியிலிருந்து மருந்து வருவதால் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். மருந்து நின்றதும் உடலுக்குத் தேவையான கார்ட்டிசால் என்ற இயக்குநீரை உடனே சுரக்க அதனால் முடியாது. இரத்த அழுத்தம் சரிந்து அவர் மயங்கி விழுந்தார். நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டார். அவரை மருத்துவமனையில் சேர்க்க வைத்தது கொரோனா கிருமி அல்ல, கொரோனா பற்றிய ஓர் அறிவுரை.

இனி என் சொந்த அனுபவம். லூபஸ் நோயாளிகளுக்கு அடிப்படை மருந்து ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். முதலில் மலேரியாவுக்காக வந்து, பிறகு எங்களுக்கு உயிர்நாடியாக ஆன மருந்து அது. நோய் அடங்கியிருக்கும்போது இம்மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்று கனடா மருத்துவர்கள் ஆராய்ந்து 1991ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார்கள்: நிறுத்தியவர்களுக்கு நோய் மீண்டும் சீறுவதற்கான வாய்ப்பு, தொடர்ந்தவர்களைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு. அப்படிப்பட்ட மருந்து கொரோனாவைக் குணப்படுத்தும் என்று 2020 மார்ச் மாதத்தில், மிகச் சிறிய ஆய்வு ஒன்றை வைத்துக்கொண்டு, உலகெங்கும் பேச்சு கிளம்பியது. நாடாளும் தலைவர்களே அதைப் புகழ்ந்து பேசினார்கள். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் மார்ச் 28 அன்று மருத்துவமனைகளில் கொரோனா நோயாளிகளுக்கு அதைத் தர அவசரகால அனுமதி கொடுத்தது; சில நாட்களிலேயே அதே மருந்தைத் தட்டுப்பாட்டுப் பட்டியலிலும் சேர்த்தது. நோயே இல்லாதவர்கள் முன்னெச்சரிக்கையாக அட்டை அட்டையாக வாங்கிப் பதுக்கினார்கள்.

மார்ச் 26 அன்று என்னிடம் 41 மாத்திரைகள் இருந்தன. நாளொன்றுக்கு இரண்டு வீதம் எனக்கு இருபது நாளுக்குத்தான் வரும். வழக்கமாக மருந்து வாங்கும் கடையில், பல ஆண்டுப் பழக்கம் இருந்தும், இருப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த கடையில் மருந்துச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'இது கொரோனா மருந்தாயிற்றே, உங்களுக்கு எதற்கு?' என்று கேட்டார் விற்பனையாளர். அவர் கேட்டதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவருக்கு வந்த செய்தியின் அளவு அவ்வளவுதான். மருத்துவரிடம் தொலைபேசியில் பேசினேன். இம்மருந்து உடலில் பல வாரங்கள் தங்கி மெல்லத்தான் குறையும் என்பதால், கிடைக்கும் வரை நாளுக்கு ஒன்றாகக் குறைத்துச் சமாளிக்கலாம் என்றார். மகளின் பழைய நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நாட்களை வரிசையாக எழுதி, மாத்திரை எடுத்த ஒவ்வொரு நாளுக்கு எதிரிலும் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தேன்.

ஐந்தாவது வாரத்தில் காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்க மறுத்தன. கன்னங்களில் சிவப்புத் தடிப்பு திரும்ப வந்தது. சட்டைப் பொத்தானை மகள் போட்டுவிட வேண்டியதாயிற்று. புதிய மருந்து கைக்கு வந்தபோது மே மாதம் இரண்டாம் வாரம். அதற்குள், சீறிய நோயை அடக்க ஸ்டீராய்டின் அளவைக் கூட்ட வேண்டி வந்துவிட்டது. இந்தக் கண்ணியைத்தான் வாசகர்கள் கவனிக்க வேண்டும்: ஸ்டீராய்டு கூடினால் தொற்றுக்கு எதிரான வலு குறையும். எனக்குப் பாதுகாப்பான மருந்து கிடைக்காமல் போனதால், தொற்று உச்சத்தில் இருந்த நாட்களிலேயே தொற்றுக்கு என் உடலை இன்னும் திறந்துவிடும் மருந்தை நான் கூடுதலாக எடுக்க நேர்ந்தது. அடுத்து வந்த ஜூன் மாதத்தில், கொரோனாவுக்குப் பல மருந்துகளைச் சோதித்துவந்த பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு, மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயினால் பயன் இல்லை என்று அறிவித்தது. அமெரிக்க நிர்வாகமும் ஜூன் 15 அன்று தன் அனுமதியை விலக்கிக்கொண்டது. எங்களிடமிருந்து பறிக்கப்பட்ட மாத்திரைகள் யாரையும் காப்பாற்றவில்லை என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை.

எங்கள் மருந்துகளைப் பிறர் பயன்படுத்துவதே தவறு என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைப் புறந்தள்ளிய அதே ரெக்கவரி ஆய்வுதான் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு, செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்த நோயாளிகளின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்ததையும் 2020 ஜூன் 16 அன்று உலகுக்குச் சொன்னது. முடக்குவாத நோயாளிகளுக்கான டோசிலிசுமாப், பாரிசிட்டினிப் ஆகியவையும் பின்னர் பல உயிர்களைக் காத்தன. கொரோனாவில் பலரைக் கொன்றது கிருமி மட்டும் அல்ல, கிருமியைக் கண்டு கட்டுக்கடங்காமல் கொந்தளித்த எதிர்ப்பு அமைப்பும்தான் என்பதால், அதை அடக்குவதில் பல்லாண்டு அனுபவமுள்ள எங்கள் மருத்துவர்களின் மருந்துப் பெட்டி அன்று எல்லோருக்கும் உதவியது. அதில் எனக்குப் பெருமையே. ஆனால் 2021இல் டோசிலிசுமாபுக்கும் உலகளவில் தட்டுப்பாடு வந்து முடக்குவாத நோயாளிகள் அலைந்தபோது, 2020இன் பாடம் யார் மனதிலும் தங்கவில்லை என்பது தெரிந்தது. ஒரு மருந்துக்குப் புதிய பயன் கண்டுபிடிக்கப்பட்டால், அதை நம்பி ஏற்கெனவே வாழ்கிறவர்களின் பங்கை முதலில் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

மகளின் கதை வேறு. ஆஸ்துமாக்காரர்களுக்கு இருமல் தினசரி விருந்தாளி. பெருந்தொற்றுக் காலத்தில் பேருந்தில் அவள் ஒரு முறை இருமினாள்; பக்கத்து இருக்கை காலியாயிற்று, பிறகு முன் இருக்கையும் காலியாயிற்று. அதன்பின் இருமலை அடக்க அவள் பழகிக்கொண்டாள். அடக்கியதால் முகம் சிவந்து கண்ணில் நீர் கோத்து நிற்கும் அவளை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வாமையில் பொதுவாகக் காய்ச்சல் வருவதில்லை. கண்ணும் மூக்கும் அரிக்கும், தொடர் தும்மல் இருக்கும், ஒவ்வாமை மருந்துக்குக் கட்டுப்படும். காய்ச்சலும் உடம்பு வலியும் சேர்ந்து வந்தால் தொற்றைச் சந்தேகிக்க வேண்டும். ஆனால் மூக்கடைப்புள்ளவர்களுக்கு வாசனை தெரியாமல் போவது இரண்டிலுமே உண்டு என்பதால், அறிகுறிகளை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது, பரிசோதனைதான் வழி. இவ்வளவு எளிய வேறுபாடு ஒரு சிறு பெட்டிச் செய்தியாக வந்திருந்தால், பேருந்தில் எழுந்து போனவர்களில் ஒருவராவது உட்கார்ந்திருப்பார்.

கிருமிநாசினிகளின் தொல்லை பற்றியும் ஓரிரு வார்த்தை. தரையெங்கும் தெளித்த பிளீச்சிங் கரைசலின் நெடியே ஆஸ்துமா நோயாளிக்கு இளைப்பை வரவழைக்கக்கூடியது. நாளுக்கு இருபது முறை கை கழுவியதில், எக்சிமா என்ற தோல் அழற்சி உள்ளவர்களின் தோல் வெடித்து இரத்தம் கசிந்தது. ரப்பர் ஒவ்வாமை உள்ள செவிலியர்கள் கையுறைக்குள் எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு நோயாளிகளைப் பார்த்தார்கள். இன்ஹேலரில் ஸ்டீராய்டு இருப்பதால் அது ஆபத்து என்று கிளம்பிய வதந்தி இவை எல்லாவற்றையும்விடக் கொடியது. மூச்சுக்குழலுக்கு மட்டும் போகும் அந்தச் சிறிய அளவை நிறுத்தினால் ஆஸ்துமா கட்டவிழும். எனவே நிறுத்தவே கூடாது என்று உலக ஆஸ்துமா நிபுணர் குழுக்கள் தொடக்கத்திலிருந்தே சொல்லிவந்தன. அந்தக் குரல் பலரின் காதுக்கு எட்டவில்லை. வியப்பான மறுபக்கமும் உண்டு. எல்லோரும் முகக்கவசம் அணிந்து வீட்டோடு இருந்த மாதங்களில் சாதாரணச் சளிக் கிருமிகளும் புகையும் குறைந்ததால், பல நாடுகளில் ஆஸ்துமா முற்றி மருத்துவமனைக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை சரிந்தது. என் மகளும் அந்த ஆண்டு முழுவதும் ஒரு முறைகூட அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகவில்லை. மற்றவர்கள் எடுத்துக்கொள்ளும் சிறு கவனம் இவளைப் போன்றவர்களுக்கு எவ்வளவு பெரிய மருந்து என்பதை நான் அப்போதுதான் அறிந்தேன்.

பிறகு தடுப்பூசி வந்தது. 2020 டிசம்பர் 8 அன்று பிரிட்டனில் ஃபைசர் தடுப்பூசி தொடங்கிய முதல் நாளிலேயே, கடும் ஒவ்வாமை வரலாறு கொண்ட சுகாதாரப் பணியாளர்கள் இருவருக்குத் தீவிர எதிர்வினை ஏற்பட்டது, இருவரும் குணமடைந்தார்கள். உணவோ மருந்தோ தடுப்பூசியோ எதற்கு முன்பு கடும் ஒவ்வாமை வந்திருந்தாலும் இந்த ஊசி வேண்டாம் என்று மறுநாளே அந்நாட்டின் ஒழுங்குமுறை அமைப்பு சொன்னது. அந்த நேரத்தில் அது சரியான முன்னெச்சரிக்கைதான். மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 30 அன்று, தடை இந்தத் தடுப்பூசிக்கோ அதன் சேர்மானங்களுக்கோ ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மட்டும் என்று அது குறுக்கப்பட்டது. முதல் அறிவிப்பு உலகம் முழுதும் தலைப்புச் செய்தியாயிற்று. இரண்டாவது அறிவிப்பை எத்தனை பேர் படித்தார்கள்?

அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் 2021 ஜனவரியில் வெளியிட்ட கணக்கு இதோ: ஃபைசரின் முதல் தவணை 18,93,360 பேருக்குப் போடப்பட்டதில், அனாபிலாக்சிஸ் எனப்படும் தீவிர ஒவ்வாமை வந்தவர்கள் 21 பேர். அதாவது பத்து லட்சம் பேருக்குச் சுமார் 11 பேர். அவர்களில் 15 பேருக்கு அது முதல் 15 நிமிடங்களுக்குள் வந்துவிட்டது. பின்தொடர்ந்து அறிய முடிந்த 20 பேரும் குணமடைந்தார்கள். ஊசி போட்டபின் எல்லோரையும் கால் மணி நேரமும், கடும் ஒவ்வாமை வரலாறு உள்ளவர்களை அரை மணி நேரமும் உட்கார வைத்தது இதனால்தான். முட்டைக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் அஞ்சவே வேண்டியதில்லை. அந்தத் தடுப்பூசியில் முட்டைப் புரதம் கிடையாது. பாலிஎத்திலீன் கிளைகால் என்ற சேர்மானத்துக்குத் தீவிர ஒவ்வாமை உள்ள மிகச் சிலரே அதைத் தவிர்க்க வேண்டியிருந்தது.

என் மகள் போன முதல் மையத்தில், 'அலர்ஜி உண்டா?' என்ற கேள்விக்கு அவள் 'உண்டு' என்றதும், எதற்கு அலர்ஜி என்றுகூடக் கேட்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். படிவத்தில் ஆம், இல்லை என்ற இரண்டு கட்டங்கள் மட்டுமே இருந்தன. அழுதுகொண்டே வீடு திரும்பினாள். மூன்று வாரம் கழித்து, ஒவ்வாமை மருத்துவரின் கடிதத்தோடு வேறொரு மையத்துக்குச் சென்றோம். அங்கிருந்த செவிலியர் கடிதத்தை முழுவதும் படித்தார். அட்ரினலின் குப்பியையும் ஊசிக்குழலையும் ஒரு தட்டில் எடுத்து அவள் கண்ணெதிரே மேசைமேல் வைத்தார். 'இது பக்கத்திலேயே இருக்கிறது, நானும் இருக்கிறேன், அரை மணி நேரம் பேசிக்கொண்டிருப்போம்' என்றார். எதுவும் நேரவில்லை. முதல் மையத்துக்கும் இரண்டாவது மையத்துக்கும் இருந்த வேறுபாடு ஒரு தட்டும், கூடுதலாகக் கேட்கப்பட்ட ஒரு கேள்வியும்தான். பயந்து ஒதுங்கிய எத்தனையோ பேருக்கு அந்தத் தட்டு போதுமானதாக இருந்திருக்கும்.

தடுப்பூசி போட்டும் பலன் கிடைக்காதவர்களின் நிலையைச் செய்திகள் கிட்டத்தட்ட மறந்தேவிட்டன. உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்களை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2021இல் பரிசோதித்தபோது, முதல் தவணைக்குப் பின் 17 சதவீதம் பேருக்கும், இரண்டாம் தவணைக்குப் பின் 54 சதவீதம் பேருக்கும் மட்டுமே எதிர்ப்பொருள் உண்டாகியிருந்தது. மற்றவர்களுக்குக் கையில் சான்றிதழ் இருந்தது, உடலில் காப்பு இல்லை. இவர்களுக்கென மூன்றாவது தவணையை அமெரிக்கா அனுமதித்தது 2021 ஆகஸ்டில். எதிர்ப்பு அமைப்பை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தை எடுப்பவர்கள் கூடுதல் தவணைக்குப் பின் அந்த மருந்தை இரண்டு வாரம் நிறுத்திவைத்தால் எதிர்ப்பொருள் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று பிரிட்டனில் கண்டறிந்தார்கள். செலவே இல்லாத வழி அது. மருத்துவரைக் கேட்காமல் தாமாகச் செய்யக் கூடாது என்றாலும், கேட்க வேண்டும் என்பதாவது நோயாளிக்குத் தெரிய வேண்டாமா? தடுப்பூசி ஏற்காத உடல்களுக்காக எவுஷெல்ட் என்ற எதிர்ப்பொருள் ஊசி 2021 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாறிக்கொண்டே வந்த கிருமி அதையும் முந்தியதால் 2023 ஜனவரியில் அந்த அனுமதி நிறுத்தப்பட்டது. சரியாக அந்த மாதங்களில்தான் உலகம் முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அவசரநிலை முடிந்ததாக அறிவித்தது. மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழும் என் தோழிக்கு அந்தத் தேதியால் எதுவும் மாறவில்லை. அவர் இன்றும் கூட்டம் குறைந்த நேரம் பார்த்தே வெளியே போகிறார். முகக்கவசம் அணிந்திருப்பதைக் கண்டு, 'இன்னுமா?' என்று கேட்பவர்களுக்கு அவர் பதில் சொல்வதை நிறுத்திவிட்டார்.

இது எங்கள் சிறு கூட்டத்தின் பிரச்சினை மட்டும்தானே என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. எதிர்ப்பு அமைப்பு அடக்கப்பட்ட ஒரு தன்னுடல் தாக்குநோயாளியின் உடலில் கொரோனா கிருமி ஐந்து மாதங்கள் தங்கி, வேகமாக உருமாறிக்கொண்டே இருந்ததை 2020 இறுதியிலேயே அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். கிருமியை உடல் விரைந்து துரத்த முடியாதபோது, அது புதிய வேடங்களைப் பழகிக்கொள்ள அங்கே அவகாசம் கிடைக்கிறது. எனவே இத்தகைய நோயாளிகளுக்குத் தொற்று வராமல் பார்ப்பதும், வந்தால் உடனே சிகிச்சை தருவதும் எல்லோரின் நலனையும் சேர்ந்தது. இதைப் படித்துவிட்டு எங்களைக் கிருமியின் கூடாரமாகப் பார்த்து யாரும் விலகிவிடக் கூடாது என்ற அச்சமும் இதை எழுதும்போது எனக்கு இருக்கிறது. அந்த நோயாளி இறந்துபோனார் என்பதையும் அவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

என் முதல் கோரிக்கை நாளிதழ்களிடம்தான். அடுத்த பெருந்தொற்று வரும்போது, இறப்புக் கணக்கோடு 'இணைநோய்' என்ற சொல்லைத் தனியாக விட்டுவிடாதீர்கள். எந்த நோய், எந்த மருந்து எடுப்பவர், அவருக்கு ஆபத்து எவ்வளவு கூடுதல், அவர் என்ன செய்யலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'மற்றவர்கள் அஞ்சத் தேவையில்லை' என்ற வரியை அறவே விட்டுவிடுங்கள். எச்சரிக்கை எந்தப் பக்கத்தில், எவ்வளவு பெரிய எழுத்தில் வந்ததோ, அது திருத்தப்படும்போது அந்தத் திருத்தமும் அதே பக்கத்தில், அதே எழுத்தில் வரட்டும். எதிர்ப்பு சக்தியைப் பெருக்குவதாகச் சொல்லும் விளம்பரங்களுக்கு அருகில், தன்னுடல் தாக்குநோய் உள்ளவர்களும் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் உட்கொள்ளக் கூடாது என்ற வரியையாவது இடுங்கள். சுகாதாரத் துறையினரிடம் கேட்பதற்கும் சில உண்டு. நீண்டகால மருந்துகளை நம்பி வாழ்பவர்களின் பதிவேடு ஒன்று அமைதிக் காலத்திலேயே தயாராக இருக்க வேண்டும். மூன்று மாத மருந்தை ஒரே முறையில் தரும் ஏற்பாடும், தட்டுப்பாடு வந்தால் பழைய மருந்துச் சீட்டு உள்ளவருக்கே முதலுரிமை என்ற விதியும் வேண்டும். தடுப்பூசிப் படிவத்தில் 'அலர்ஜி உண்டா?' என்பதோடு 'எதற்கு, என்ன ஆயிற்று?' என்ற இரண்டு வரிகளுக்கும் இடம் விட வேண்டும்.

மாத்திரைக் கணக்கெழுதிய அந்த நோட்டுத் தாளும் அலமாரியில் கிடைத்தது. அதன் நகலை இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். பயன்படும் என்றால் வெளியிட்டுக்கொள்ளலாம். மார்ச் 26 முதல் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு இருக்கும். ஏப்ரல் 29, 30 ஆகிய இரண்டு நாட்களுக்கு எதிரே உள்ள கோடுகள் மட்டும் வேறு கையால் போடப்பட்டவை. அந்த இரு நாட்களும் என்னால் பேனாவைப் பிடிக்க முடியாததால் மகள் போட்ட கோடுகள் அவை.

இப்படிக்கு,
லூபஸ் நோயுடன் வாழும் ஒரு வாசகி